இரண்டு மழைக்கு ஒரு குடை

அந்தக் குடையைத்தான் நான் முதலில் பார்த்தேன். டாக்டரைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். சிதம்பரம் கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படி ஏறியதும் இருந்த ஆயுர்வேத கிளினிக்கின் ஜன்னல் கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வளைந்த மரக் கைப்பிடி வைத்த, ஆம்பிளைகள் பிடிக்கிற நீளமான கருப்புக் குடை. இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று வீதி மண்ணையெல்லாம் வாரி முகத்தில் அடித்தது. இந்த ஊரில் இந்த மாதத்தில் யாராவது மழைக் குடையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? எந்தப் புண்ணியவானோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அது டாக்டரின் குடை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். ஒரு மாத வயிற்றெரிச்சலும் மிச்சமாகியிருக்கும்.

நான் கடலூர்க்காரி. சிதம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் பஸ்தான். செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போய், வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் பள்ளிக்கூடம் வந்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். அந்த வேலைமேல் அப்படி ஓர் ஆசை. எழுத்தே தெரியாமல் அழுதுகொண்டு வந்த பிள்ளை, பொங்கல் லீவு விடுவதற்குள் கடைப் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாருங்கள், அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளி மழை பிடித்துவிட்டால் எனக்கு வீசிங் வந்துவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் இதே கதை. அந்த ஆடிக்கு முந்தின கார்த்திகையில் புதுச்சத்திரம் தாண்டி ஓடுகிற பஸ்ஸிலேயே மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகி, உதடு நீலம் பாரித்து, கண்டக்டர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற என் வீட்டுக்காரரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இதோ பாரும்மா, வர்ற மழையிலயும் ஆஸ்பத்திரின்னா வேலைய விட்டுடு. உன் சம்பளம் நமக்கு வேணாம். நீ இருந்தா போதும்" என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால் நானும் எகிறியிருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த மழைக்குள் என் நெஞ்சு சரியாக வேண்டும், இல்லையென்றால் என் வகுப்பு போய்விடும். அந்தப் பயத்தில்தான், கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி சொன்னதைக் கேட்டு அந்த மாடிப்படி ஏறினேன்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பிறந்தது, படித்தது எல்லாம் கேரளத்தில். அண்ணனுக்கு இந்தப் பக்கம் வேலை மாற்றலானபோது கூடவே வந்து, அந்த வருஷம்தான் கிளினிக் திறந்திருந்தார். நாடி பார்த்தார். என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன், எதற்கெல்லாம் கோபம் வருகிறது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நீளமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே, "நல்ல மாசமாப் பார்த்து வந்தீங்க, டீச்சரே. உடம்பைச் சரி பண்ண வருஷத்துல இதைவிட நல்ல மாசம் கிடையாது" என்றார். காலையில் சூடு பண்ணின எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். ராத்திரிக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்ட கஞ்சி. மோர் கூடாது, இளநீர் கூடாது, வெள்ளரிப்பிஞ்சைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தையும், மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கிற பம்ப்பையும் மட்டும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. "அது பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆடி வெயிலில் வெந்நீரில் குளித்துவிட்டு, மிளகுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பஸ் நெரிசலில் நின்று பார்த்தால் தெரியும் அந்தச் சுகம். வாயெல்லாம் புண். கழுத்தில் சூட்டுக் கட்டி. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. கஞ்சி வாசனை வந்தாலே பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடின. "உன் கிட்ட உக்காந்தாலே அனல் அடிக்குதும்மா" என்று வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆவணி பிறந்ததும், போதும்டா சாமி என்று நேராகக் கிளினிக்குக்குப் போனேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும், அன்றைக்கு நாக்குக்கும் வந்துவிட்டது.

"டாக்டரம்மா, மழையில வர்ற வியாதிக்கு வெயில்ல வைத்தியம் பண்றீங்களே, இது என்ன நியாயம்?"

அவருக்குப் புரியவில்லை. "மழைக்காலம்தானே டீச்சரே இது?" என்றார்.

"எங்க ஊர்ல ஆடியில ஏதும்மா மழை? காத்துதான் அடிக்கும். மழை ஐப்பசியிலதான் வரும், தீபாவளிக்கு. அப்புறம் கார்த்திகை முழுக்கக் கொட்டும்."

அவர் திரும்பி ஜன்னலில் தொங்கிய குடையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, டீச்சரே!" என்றார். அவர் ஊரில் ஆடியில்தான் மழை கொட்டுமாம். அவர் படித்ததும் அந்தக் கணக்குதானாம். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா கையில் திணித்த குடையைத் தினமும் தூக்கிக்கொண்டு வந்து, இன்னும் மழை வரவில்லையே என்று மனதுக்குள் வியந்துகொண்டே இருந்திருக்கிறார். பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. என்னால் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். வாய்ப்புண் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அதற்கப்புறம்தான் எங்கள் வைத்தியம் ஆரம்பமானது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எப்போது காற்று திரும்பும், எப்போது புழுங்கும், பனி எப்போது இறங்கும் என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். ஆவணிக்கு மோரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த முதல் டம்ளர் மோர் இறங்கிய சுகத்தை என்னவென்று சொல்வேன்! புரட்டாசியில் குளிர்ச்சியானதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சூடானதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொன்னார். பருவம் மாறும்போது உடம்பு தடுமாறும், அதைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்றார். கூடவே மூச்சுப் பயிற்சி. விடியற்காலையில் மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்து, கையைத் தூக்கும்போது மூச்சை இழுத்து, இறக்கும்போது விட்டு, பூனை மாதிரி முதுகை வளைத்து, கடைசியில் வாயை மூடிக்கொண்டு மூச்சு தீரும்வரை நீளமாக ரீங்காரம். "வீட்டுக்குள்ள வண்டு பூந்துடுச்சா?" என்று முதல் நாள் வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும்போது, யோகா செய்கிறோமே, இது சரியா என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. பாட்டு தொடங்கியபோது என் மூச்சு வரியின் கடைசிவரைக்கும் தாங்கியதைப் பார்த்தேன். உறுத்தல் அதோடு போயிற்று.

ஐப்பசியில் மழை வந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது வீசிங்கினால் அல்ல, பயத்தினால். அன்று சாயங்காலம் கிளினிக்கில் மாட்டிக்கொண்டேன். சந்தெல்லாம் தண்ணீர். டாக்டர் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது உங்க கர்க்கடகம், டீச்சரே. நீங்க வச்சுக்கோங்க. எனக்கு ஆடியில ஊருக்குப் போகும்போதுதான் வேணும்" என்றார். கர்க்கடகம் என்பது அவர்கள் ஊர் ஆடி மாதம்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். இதோ வரப்போகிறது, இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று. பம்ப்பை நாலைந்து தரம் எடுக்க வேண்டியிருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் வகுப்பின் ஓட்டுக் கூரைமேல் மழை இடித்துத் தள்ளியது. பிள்ளைகளுக்கு எதுவும் கேட்கவில்லை. நான் குரலை உயர்த்திப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் உயர்த்தினேன். பிள்ளைகளும் கத்தின. மழையும் நாங்களும் போட்டி போட்டுக் கத்தினோம். பாட்டு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, மூச்சு இரைக்கவில்லை என்று. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். முன் வரிசைப் பிள்ளைகள் அதையும் பாட்டு என்று நினைத்து, "அப்பாடா!" என்று சேர்ந்து கத்தின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வேலையைப் பற்றி இன்றைக்குப் பேசுவார் என்று காத்திருந்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன நிக்கிற? பஸ்ஸு போயிடப் போவுது" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவே இல்லை.

அதிலிருந்து அந்தக் குடை இரண்டு ஊர் மழையையும் பார்த்தது. ஆடியில் டாக்டரோடு கேரளத்துக்குப் போகும். ஐப்பசியில் என்னிடம் வரும். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கிளினிக்கை மூடிவிட்டு ஊருக்கே கிளம்பிய சித்திரையில், ரயிலடிக்குக் குடையோடு போனேன். வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "என் ஊர்ல குடைக்கா பஞ்சம்? இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் குடையைப் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றோம். ரயில் வந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஐப்பசியில் ஒரு சாயங்காலம். சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு வெளியே, அதே குடைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கம்பி வளைந்து, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. மழை முழங்காலை நனைத்தது. பைக்குள் செல்போன் அடித்தது.

"டீச்சரே, அங்க மழையா?"

"கொட்டுது."

"மூச்சு எப்படி?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கடலூர் பஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து, நிற்காமல் மெதுவாக நகர்ந்தது. "இருங்க டாக்டரம்மா, பஸ்ஸு போவுது" என்று போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு, குடையை மடக்கி, அந்தக் கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன்.