பிரித்த கூரை

ஒரு விதவையின் ஒற்றையறைக் காம்பராக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்த கட்டட வேலை பாஸை, வேலை முடியுமுன்னே என் வீட்டு வேலைக்குக் கூட்டிவந்தவன் நான். அவசரத்தில் நடந்த பிசகு என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பிசகு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், இரத்தினபுரிக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். தொழிற்சாலையில் ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் நான்தான் ஒப்பந்தம் தட்டச்சு செய்வேன். என்ன வேலை, என்ன மரம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து, சாட்சிக்கு இருவர். கடைசியில் எப்போதும் ஒரு வரி வரும்: சொன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளலாம். அந்த வரி ஏன் தேவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பாஸ் கைவைத்த வேலையை, அவராக விட்டுக்கொடுக்காமல் இன்னொரு பாஸ் தொடமாட்டார்.

அந்த விதவை அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். ஒரே மகளைக் கொடகவெல பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு மகள் வரவேண்டும். கூரைத் தகரமோ துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்.

"ஐயா, பாஸ்கிட்ட ஏதும் எழுதி வாங்கிக்கணுமாங்க? தொரகிட்டயும் சொல்லணுமா?"

வரிசைக் காம்பராக்கள் கொண்ட லயம் தோட்டத்துச் சொத்து. மேலாளரான துரையின் கடிதம் இல்லாமல் ஒரு தகரத்தைக்கூடக் கழற்றக் கூடாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு? காயிதம் கேட்டா அந்த மனுசன் மொகத்தச் சுளிப்பாரு. நான் இருக்கேன்ல."

அதே பாஸ்தான் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் என் சொந்த வீட்டையும் கட்டிக்கொண்டிருந்தார். புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்தாகிவிட்டது. அவர் கூரை வேலைக்கு ஒரு தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தேதி அந்த அம்மாவுக்குச் சொந்தமாகிவிடும். அந்த நாட்கள் எனக்கு வேண்டியிருந்தன.

தகரத்தையும் உளுத்த கைமரத்தையும் இறக்கிய மறுநாளே பாஸுக்கு ஆள் அனுப்பினேன். அவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்; ஐயா என்பதற்கு மாத்தயா என்பார். தயங்கித்தான் வந்தார்.

"அந்த அம்மா வீடு தொறந்து கெடக்கு மாத்தயா. மழ வந்தா பாவம்தானே?"

"ரெண்டு நாள் வேலதானே பாஸ். முடிச்சிட்டுப் போங்க."

மழை அன்றே வந்தது. என் வீட்டு வேலை இரண்டு நாளில் முடியவில்லை. முடிந்ததும் பாஸ் ஒரு மாணிக்கக் குழியில் பங்கு கிடைத்ததென்று அங்கே போய்விட்டார். அந்த அம்மா வேறு இரண்டு பாஸ்மாரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அடுத்தவர் தொடங்கிய வேலை என்று இருவருமே கைவைக்கவில்லை.

பொலித்தீனை இழுத்துக் கட்டிய அந்தக் காம்பராவுக்குத்தான் சம்பந்தியம்மா மகளைக் கூட்டிவந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் சம்பந்தி, மழையில நனைய வைக்கவா புள்ளயக் கூட்டியாரச் சொன்னீங்க? எங்க வீட்டு மாட்டுக் கொட்டிலுக்கும் கூர இருக்கே!"

லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. மகள் வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனாள்.

கூரையைப் பிரித்த விஷயம் துரை காதுக்குப் போயிற்று. அந்த அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, யாரைக் கேட்டுப் பிரித்தாய் என்று சத்தம் போட்டார். அந்த அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன்.

"நானாத்தான் செஞ்சேங்க தொர," என்றார்.

மகளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரும் சொல்வார், நானும் சொல்வேன். ஆனால் அவள் வலியில் கத்தியபோது தாய் பக்கத்தில் இல்லை. அதற்கும் கூரைக்கும் சம்பந்தம் உண்டு. அந்த அம்மா நனைந்த அரிசியை முறத்தில் காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்ததாம்.

அதன் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. துரையிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டினார், பிறகு கடிதம் கொடுத்தார். பஸ் ஏறி மாணிக்கக் குழிக்குப் போய், சேற்றோடு மேலே ஏறிவந்த பாஸிடம் வேலையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினேன். "மாத்தயா கூப்பிட்டுத்தானே நான் வந்தது," என்று மட்டும் சொன்னார். வேறொரு பாஸைப் பிடித்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒப்பந்தம் எழுதி, பொறுப்பை என் பெயரில் போட்டேன்.

அதை அந்த அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இந்த வரி அன்னைக்கே இருந்திருந்தா வேற பாஸ் வந்திருப்பாருங்களா?"

"வந்திருப்பாரு."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போனார்.

கூரை சொன்ன தேதிக்குள் முடிந்தது. அடுத்த பிரசவத்துக்கு மகளைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை, மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லி அனுப்பினாள். மழைக்காலங்களில் அந்த லயப் பக்கம் போனால் கேட்பேன், ஒழுகுதா என்று.

"ஒழுகலைங்க ஐயா. சொட்டுத் தண்ணி எறங்கல," என்பார், உள்ளே வாங்க என்று ஒருநாளும் சொல்லாமல்.