எதிர்க்கடை வாசலில் கேமரா

அறுபதுகளில் சிராங்கூன் சாலையில் எனக்குத் துணிக்கடை. நேர் எதிரே காதர் பாயின் அத்தர் கடை. மெட்ராஸிலிருந்து கடல் தாண்டி வந்த சினிமாக்காரர்கள் பாய் கடை வாசலில் கேமரா வைக்கப் போவதாகச் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. தெருவிலுள்ள கடைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களுக்கு அனுமதி கிடைக்கும். நான் மட்டும் போடவில்லை.

“வியாபாரம் கெட்டுப்போயிடும் லா,” என்றேன். அவர்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் பாய் வந்தார். “ஏண்ணே மாட்டேன்னுட்டீங்க? என் வாசல்ல வச்சு எடுத்தாத்தான் உங்க கடை முழுசா படத்துல விழும்னு நான்தானே அவங்ககிட்ட சொன்னேன்!”

இரண்டு நாளாக அவர் வாசலையே முறைத்துக்கொண்டிருந்தேனே, அங்கே நிற்கும் கேமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.