தாய் வீட்டுக்குப் போனவள்

ஏரல் பக்கத்தில் என்னைப் பாதிப் பேர் "நர்ஸம்மா டிரைவர்" என்பார்கள். பெனோ என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று எனக்கு இருக்கிறது. புன்னைக்காயலில் படகு இஞ்சின் பழுது பார்த்தவன். இடுப்பில் அடிபட்டுக் கடல் வேலை நின்றுபோன பிறகு, என் மனைவி ஃபெமினாவை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவதே என் பிழைப்பு. அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருவதில்லை. ஆனால் ஜனங்கள் திட்டும்போது மட்டும் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறார்கள். "நேத்து ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சிய?" என்று கேட்கிறார்கள்.

ஃபெமினா கிராம சுகாதார செவிலியர். நாலைந்து ஊர்களுக்கு அவள் ஒருத்திதான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், காய்ச்சல் வந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும், யாராவது செத்தால் எதனால் செத்தார் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போன புதிதில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள் அவள். விடுதியில் உடன் படித்தவர்கள் "மயக்க ஊசி" என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்களாம். அப்படிப்பட்டவள் பிறகு சப்சென்டரில் தனியாக நின்று பிரசவம் பார்த்தாள். நான் பெண் பார்க்கப் போன அன்று, "ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுவாவ, நான் போவேன். பூசைக்கு வர முடியாமப் போவும். சம்மதமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். நானும் மடையன், சம்மதம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது பிரசவமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது. வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? எங்கே குறைந்தது! கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டார்கள். பார்த்த பிரஷரை அதில் ஏற்ற வேண்டும். அது ஏறாது. ஏறவில்லை என்றால் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். பிறகு செயலியை மாற்றுவார்கள். மாற்றியதற்கு ஒரு பயிற்சி வைத்து, ஒரு தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். பயிற்சிக்குப் போன நாளில் ஊருக்கு ஏன் போகவில்லை என்று மறுநாள் கேள்வி வரும். "எவன்லே இதையெல்லாம் உக்காந்து யோசிக்கான்?" என்று நான் கத்துவேன். "கத்தாதிய. நெட்டு எடுக்குதான்னு அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்பாள் அவள்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லாத நாள் கிடையாது. "விடுதேன்" என்பாள். மறுநாள் காலையில் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கோபத்தில் நான் கிக்கரை இரண்டு உதை அதிகமாகவே உதைப்பேன்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில்தான் தஸ்மியாவின் சங்கதி தொடங்கியது. தஸ்மியா மேலப்பாளையத்துப் பெண். ஏரலில் வாக்கப்பட்டவள். கணவன் சார்ஜாவில் இருந்தான். மாமியார் ஹமீது பீவியும் இவளும் மட்டும்தான் வீட்டில். தலைச்சன் பிள்ளை. ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது, முகமும் கையும் வீங்கத் தொடங்கின. அந்தப் பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் ஜன்னி வரும், தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடலாம் என்று ஃபெமினா எனக்கு வண்டியில் வைத்துச் சொன்னாள். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுப்பார்கள் என்று அந்த வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷன் என்று கேட்டதுமே ஹமீது பீவி எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாள் வாசலிலேயே பதில் சொல்லிவிட்டார்.

"அவளை உம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன் நர்ஸம்மா. தலைச்சன்லா, அங்கனதான பாக்கணும்? மேலப்பாளையத்துல இல்லாத டாக்டரா!"

இது நம் ஊரில் நடக்கிற காரியம்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது எல்லாச் சாதி மதத்திலும் உண்டு. ஃபெமினா அன்றைக்கே மேலப்பாளையத்து நர்சுக்குப் போன் போட்டு, இன்ன பெண் வருகிறாள், பிரஷர் இருக்கிறது, விடாதீர்கள் என்று சொன்னாள். சொன்னதும் அவள் மூச்சு லேசானது எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஒரு பாரம் இறங்கியது என்று நினைத்திருப்பாள், பாவம்.

மழை ஓயவில்லை. டெங்கு வந்தது. வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. தஸ்மியாவை நாங்கள் மறந்துதான் போனோம். பொய் சொல்வானேன்?

ஒரு புதன்கிழமை பால்வாடியில் தடுப்பூசி நடந்தது. ஊசி குத்தின பிள்ளைகள் ஒரே கத்தல். முடியும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஃபெமினா பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பால்வாடி டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"இந்த ஹமீது பீவிக்கு வாயப் பாருங்க சிஸ்டர். கர்ப்பிணிக்குக் கொடுக்கிற சத்துமாவுல ஒரு பாக்கெட் குறையுதுன்னு என்கிட்ட மல்லுக்கு நிக்கா. முந்தாநாள்தான் மருமவளுக்குன்னு வாங்கிட்டுப் போனா."

ஃபெமினா பையை அப்படியே கீழே வைத்தாள். மேலப்பாளையத்துக்குப் போன் போட்டாள். அந்த நர்சு என்ன சொன்னாள் தெரியுமா? "அவ இங்க வரவே இல்லையே சிஸ்டர்! அவங்க உம்மாகிட்ட கேட்டேன். சம்பந்தியம்மா இன்னும் அனுப்பலன்னு சொன்னாவ. சரி, வார வரைக்கும் நீங்க பாத்துக்கிடுவீங்கன்னுல்லா நான் இருந்துட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. இந்த நர்சு அந்த நர்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த நர்சு இந்த நர்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியை யாருமே பார்க்கவில்லை. இதில் ஹமீது பீவியின் சமர்த்தைச் சொல்ல வேண்டும். ஆளை ஒளித்துவைக்கத் தெரிந்த மனுஷிக்கு, மாவு பாக்கெட்டை விட மனசு வரவில்லை. வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அவளுக்கு எதாச்சும் ஆச்சுன்னா உன்னைத்தான் மீட்டிங்ல நிறுத்தி வச்சுக் கேப்பாவ" என்றேன்.

"கேக்கட்டும். முதல்ல வண்டிய எடுங்க. அந்தப் பிள்ளைக்கு உசிரு இருக்கான்னு பாக்கணும்."

சோறுகூடத் தின்னாமல் போனோம். ஹமீது பீவியின் வீடு மாடி வைத்த வீடு. வாசலில் நுழைந்ததும் கூடம், கூடத்தின் ஓரத்தில் மாடிக்குப் போகிற படி. பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்பதால் நான் வாசலோடு நின்றுகொண்டேன். ஆனால் பேச்சு எல்லாம் கேட்டது.

"தஸ்மியா எங்க உம்மா? மேலப்பாளையத்துல இல்லையாமே."

ஹமீது பீவி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "மேலப்பாளையத்துக்குத்தான் அனுப்ப நெனச்சேன், பொறவு மனசு மாறிட்டு. காயல்பட்டணத்துல என் தங்கச்சி வீட்டுல இருக்கா. பக்கத்து வீடே டாக்டரம்மா வீடு. தெனமும் வந்து பாக்குதா. மாவை நான்தான் கஞ்சி காய்ச்சிக் குடிக்கேன். அதுக்கும் கேசு போடப் போறியளா?"

மாவைப் பற்றி ஃபெமினா கேட்கவே இல்லை. எனக்கு உடனே பொறி தட்டியது. ஃபெமினாவோ மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன நர்ஸம்மா, உக்காந்துட்டிய?"

"கொஞ்சம் இருக்கேன் உம்மா."

அடி சக்கை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வீட்டில் இப்படி அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. ஹமீது பீவிக்குக் குரல் உயர்ந்தது. மரியாதையாகப் போங்க என்றார். ஜமாத்தில் சொல்வேன் என்றார். ஃபெமினா பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள். ஆள் அசையவில்லை.

கடைசியில் அந்த அம்மாளுக்கு உடைந்துவிட்டது. "எனக்கு ஒரே மவ, ரைஹானத்துன்னு. தலைப்பிரசவத்துக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா. அறுத்தாவ. உசிரில்லாம மய்யித்தாத்தான் தந்தாவ. திரும்பவும் என் வீட்டுப் பிள்ளையக் கத்திக்குக் கொடுக்கச் சொல்லுதியளா? நீங்க பிள்ளை பெத்தவதான? ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

அப்போது மாடியில் கதவு திறந்தது. தஸ்மியா சுவரைப் பிடித்துக்கொண்டு பையப் பைய இறங்கி வந்தாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். முகம் முகமாகவே இல்லை. கண் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன.

"மாமி, சத்தம் போடாதிய. தலை வெடிக்குது" என்றாள். பிறகு, "சிஸ்டர், எங்கன இருக்கிய? எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது" என்றாள்.

ஃபெமினா அவளைப் படியிலேயே உட்காரவைத்துக் கையில் பட்டையைக் கட்டினாள். பிரஷரைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பி, "நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க" என்றாள். நான் போட்டேன்.

வண்டி வருவதற்குள் ஹமீது பீவி அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு, போகாதே போகாதே என்று அழுதார். வண்டி வந்ததும், என்ன நினைத்தாரோ, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். மூன்று பெண்களும் ஆம்புலன்ஸில் போனார்கள். நான் அந்த டி.வி.எஸ்.ஸை முறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். மழையில் தொப்பலாக நனைந்து, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண் யாரோ, நான் யாரோ.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போதே தஸ்மியாவுக்கு ஜன்னி வந்துவிட்டது. வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் ஹமீது பீவியும் ஃபெமினாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஹமீது பீவி விரலில் தஸ்பீஹ் மணி ஓடிக்கொண்டே இருந்தது. ஃபெமினாவின் போன் நிமிஷத்துக்கு ஒருதரம் அடித்தது. இன்றைய தடுப்பூசிக் கணக்கு ஏன் ஏறவில்லை என்று கேட்டுத்தான். நான் அதை வாங்கி அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். ஆபரேஷன் முடிந்தது, தாய்க்கு இனிப் பயமில்லை, பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், ஆனால் நன்றாக அழுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹமீது பீவி வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு குனிந்தார். நான் போய் டீ வாங்கி வந்தேன். அந்த அம்மாளை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். என்னிடம் இல்லை, ஃபெமினாவிடம்.

"என் மவ கத்தியில மவுத்தாவல, நர்ஸம்மா."

ஃபெமினா திரும்பிப் பார்த்தாள்.

"ரைஹானத்துக்கும் இப்படித்தான் மொகம் வீங்கிச்சு. அப்பவும் ஒரு நர்சு வந்தா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னா. அவ மாப்ள வீட்டுக்குப் போயிட்டாள்னு சொல்லி அந்த நர்ச அனுப்பிட்டேன். என் மவ மாடியிலதான் கிடந்தா. ஜன்னி வந்த பொறவுதான் தூக்கிட்டு ஓடினோம். எல்லாம் கைமீறிப் போச்சு. பிள்ளையவாச்சும் எடுப்போம்னுதான் அறுத்தாவ. அதுவும் தங்கல. நான் ஊரு பூரா கத்தி, கத்தின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வேற என்னத்தச் சொல்லுவேன்?"

சேர்த்துவைத்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு, டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் ஃபெமினாவின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அந்த நர்சு நான் சொன்னதும் போயிட்டா. நீ போவல. நான் அந்த ஏச்சு ஏசியும் போவாம உக்காந்துட்ட. அவளும் உன்ன மாதிரி உக்காந்திருந்தா என் மவ இன்னைக்கு இருந்திருப்பா. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு மவளே, அவ மேலதான் இருக்கான்னு?"

ஃபெமினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"எனக்கு ஒண்ணும் தெரியல உம்மா" என்றாள். "நீங்க சொன்னத நான் நம்பிட்டேன். காயல்பட்டணத்து நர்சுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவோம்னுதான் நெனச்சேன். காலையில இருந்து நின்னதுல காலு ரெண்டும் மரத்துப் போச்சு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோம்னு உக்காந்தேன். காலு நல்லாயிருந்தா நானும் போயிருப்பேன் உம்மா."