பள்ளிக்குப் போன இருக்கை

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைத்தெருவில் துணி விற்ற ஸரூக் நானாவுக்கு உடம்பைவிட வாய் பெரிது. கடையின் பின்சுவரோரம் ஒரு மரப்பலகை. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா. "வல்லாஹி! வாங்கின வெலைக்கே தாறேன்" என்று சத்தியம் செய்வார், தோட்டத்து ஆட்கள் மறுபேச்சில்லாமல் மடியில் முடிந்த காசை அவிழ்ப்பார்கள். அந்தச் சத்தியங்களில் பாதியாவது உண்மையாக இருந்திருந்தால் மனிதர் என்றைக்கோ கடையை மூடியிருப்பார். அந்த இடம்தான் தன் அதிர்ஷ்டம் என்பது அவர் நம்பிக்கை. சொந்த மச்சானைக்கூட அங்கே உட்கார விட்டதில்லை.

கடைக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் ஊர் கூடிப் பள்ளிவாசல் கட்டத் தொடங்கியது. நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் போய் நின்றார். கல் சுமந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார், கொத்தனாரைக் குழப்பினார். "ஒரு சாண் நெலமும் வீணாக வாணாம்! என்ட கடைச் சுவரோட ஒட்டிக் கட்டுங்க, இன்னொரு வரிசை ஆள் நிக்கலாம்!" என்று கூவினார். அப்படியே கட்டினார்கள். மேற்குச் சுவர் தோள் உயரம் வந்த பிறகுதான் பள்ளியின் லெப்பை தலையில் கை வைத்தார். எல்லோருக்கும் முன்னால் நின்று அவர் தொழுகை நடத்த வேண்டிய மிஹ்றாப் மாடத்துக்கு யாரும் இடம் விடவில்லை! மாடம் சுவரைத் தாண்டி, மக்கா இருக்கும் மேற்கே புடைத்து நிற்க வேண்டும். மேற்கே இருந்தது நானாவின் கடை. அளந்து பார்த்தால், சரியாக அந்தப் பலகை.

நானாவுக்கு முகம் வெளுத்தது. "சுவரை இடிச்சி உள்ளுக்குத் தள்ளுவமே?"

"ஒட்டச் சொன்னது நீங்கதானே நானா" என்றார் லெப்பை. கடைத்தெருவே சிரித்தது.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஜெனீராதான் போட்டு உடைத்தாள். "ஊரே ஸுஜூதுல தலை வைக்கிற பக்கம் நீங்க குந்தி இருக்கப் போறீங்களா? வெக்கமா இல்லையா?"

அரண்டுபோன நானா, கடை முழுவதையும் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். பலகையைத் தூக்கிக்கொண்டு, பள்ளியின் கிழக்கு வாசலுக்கு எதிரே ஒரு வாடகைக் கடையில் குடியேறினார். கொடுத்த சந்தோஷத்தில் தெருவில் போனவர்களுக்கெல்லாம் சர்பத்து ஊற்றினார். உள்ளுக்குள் மட்டும், புது இடத்தில் வியாபாரம் ஓடுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வந்தது. லெப்பை மாடத்துக்குள் நின்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். நானாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் இத்தனை காலம் பொய்ச் சத்தியம் செய்த அதே இடம்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அடக்கப் படாத பாடு பட்டார்.

தொழுதுவிட்டு வந்தால், மடுல்சீமைத் தோட்டத்துக் கருப்பம்மா மகள் கல்யாணத்துக்குச் சேலை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தச் செவப்பு என்ன வெலைங்க, நானா?"

நானா பலகையில் ஏறி உட்கார்ந்தார். "வல்லாஹி..." என்று தொடங்கி நிமிர்ந்தார். தெருவுக்கு அப்பால், திறந்த வாசல் வழியே, மாடம் நேருக்கு நேர் தெரிந்தது. கண்ணை இறுக மூடி, வாங்கின விலையை அப்படியே சொல்லிவிட்டார். "வல்லாஹி" என்று மறுபடி சத்தியமும் செய்தார். பொய்க்கு அத்தனை சரளமாக வந்த சத்தியம், உண்மை என்றதும் தடுமாறியது.

கருப்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க நானா, சத்தியம் பண்ணும்போதே கொரலு நடுங்குது? பொய்தானே சொல்றீங்க? பாதி வெலைக்குக் குடுங்க."

பள்ளி கட்ட என்ன செலவாகும் என்பது ஸரூக் நானாவுக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, சேலையை மடித்துக் கொடுத்தார், பாதி விலைக்கே.