சத்தம் குறைக்கும் கீ

லப்டொப் மறுபடியும் இறுகிவிட்டது என்று மலரக்கா சொன்னபோது மனேஜர் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"பிள்ளை, இவவுக்குக் கிபிர்ச் சத்தம் கேட்டாக் கை நடுங்குது. கண்டதையும் அமத்திப்போட்டு மிசின் பழுது எண்டுறா. நாளைக்கும் இப்பிடியெண்டால் வேற ஆளைப் போடப்போறன்."

கிபிர் விமானங்கள் குண்டு போட்ட யுத்த நாட்களில் முள்ளியவளையில் இயங்கிய ஒரு நிவாரண அலுவலகம் அது. இடம்பெயர்ந்த சனம் காணாமற்போன தங்கள் ஆட்களைப் பற்றிச் சொன்னதைக் குரலாகப் பதிந்து வைத்திருந்தோம். மலரக்கா அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். ஹெட்போன் உடைந்துபோனதால் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துத்தான் கேட்பார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

கணினிகளைப் பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வைரஸ் தொல்லையால் அந்த லப்டொப்பில் லினக்ஸ் போட்டிருந்தேன். அடுத்த நாள் காலை நானே இருந்து தட்டிப் பார்த்தேன். ஒரு குறையுமில்லை. மனேஜர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கும் பட்டது. பிறகு மலரக்காவை இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

கிபிர் இரைந்தது. நான் கூரையைப் பார்த்தேன். மலரக்காவின் விரல் சத்தம் குறைக்கும் கீக்குப் போனது. நடுங்கவில்லை. அறை அடங்கியது, எந்தப் பக்கம் வருகிறது என்று எல்லோருக்கும் கேட்டது. அது தெற்கே போய் மறைந்தபின் அவர் தட்டினார். ஓர் எழுத்தும் விழவில்லை.

லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்டு, கீகள் அழுத்தப்படுவதைத் திரையில் காட்டும் xev கட்டளையைத் திறந்து அந்தக் கீயை அழுத்தினேன். அழுத்தினால் ஒரு வரி, விட்டால் ஒரு வரி வரவேண்டும். விட்டதற்கான வரி வரவேயில்லை. விரல் இன்னும் கீயில் இருக்கிறது என்று நம்பி லினக்ஸ் வேறு எழுத்தை வாங்காமல் நின்றது.

மனேஜரிடம் சொன்னேன். அப்படியானால் அந்தக் கீயைக் கழற்றி எறியச் சொன்னார்.

"கழட்டிட்டா எப்புடிங்கய்யா கேக்குறது?" என்றார் மலரக்கா. "அது வர்றத இந்த ரூம்ல மொதல்ல கேக்குறவ நான்தான்."

மனேஜர் லப்டொப்பை என் பக்கம் தள்ளினார். பழைய கீயைச் செயலிழக்கச் செய்து, சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தும் வேலையை F9 கீக்குக் கொடுத்தேன். அது விரலை விட்டதையும் ஒழுங்காகச் சொன்னது. மலரக்கா விரல் பழகும்வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேறு ஆள் என்ற கதை அதன்பின் எழவில்லை.

ஒருநாள், மகன் போட்டிருந்த சட்டையின் நிறத்தை பதிவில் ஒரு தாய் சொல்லிக்கொண்டிருக்கையில் குரல் சட்டென்று நின்றது. மலரக்காவின் விரல் F9இல் இருந்தது.

"இந்தப் பக்கந்தான் வருது. ஓடுங்க."

நிலத்துக்குள் வெட்டிய பங்கருக்கு ஓடினோம். பாதி வழியில் மனேஜர் லப்டொப்பை எடுக்கத் திரும்பி ஓடினார். அந்தக் குரல்களுக்கு வேறு பிரதி இல்லை.

பங்கருக்குள் மற்ற எல்லோரும் இருந்தோம். வெளியே வந்தபோது அந்த அறை இல்லை, மனேஜரும் இல்லை.

இப்போது நெளுக்குளத்தில் கணினி பழுதுபார்க்கக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஒரு கீ பழுதென்று ஆள் வந்தால், அதை எதற்காக அழுத்துகிறார் என்று முதலில் கேளுங்கள். திருத்தி முடிந்ததும், உள்ளே இருப்பதை அன்றைக்கே இன்னொன்றில் பிரதி எடுங்கள். மிசினுக்காக ஒருவரும் திரும்பி ஓடும்படி விடாதீர்கள்.