நாலாவது மாடிக்குத் தண்ணீர்

பென்னி பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் கேன் போடுகிறார். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்று தெருக்கள், கடைசியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. தெருக்களில் சிரமம் இல்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடலாம். அந்தக் குடியிருப்புதான் ஆளைத் தின்றது. நாலு மாடி, மாடிக்குப் பதினெட்டுப் படி, முப்பத்திரண்டு வீடு. ஒரு கேனைத் தோளில் ஏற்றி, இன்னொன்றைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவார். ஒரு கேன் இருபது கிலோ.

லிஃப்ட் இருந்தது. உள்ளே ஒரு தகட்டில் 'ஆறு பேர், 408 கிலோ' என்று பொறித்திருந்தது. வெளியே ஒரு தாளில், கேன், கேஸ், கூரியர் ஆட்கள் படியில்தான் ஏற வேண்டும், பாரத்தால் லிஃப்ட் பழுதாகிறது என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பென்னியின் எடை அறுபத்திரண்டு கிலோ. நாலு கேனோடு உள்ளே நின்றாலும் நூற்று நாற்பத்திரண்டுதான் வரும். ஆறாம் வகுப்போடு நின்றவருக்கே வருகிற கணக்கு இது. தாளில் கையெழுத்துப் போட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளர் வில்பிரட், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அதைப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

வில்பிரட் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் பென்னிக்குப் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். பென்னியின் மகள் நர்சிங் சேர அலைந்தபோது சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். இருவருக்கும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துக் குலுக்கி "பிரதர்" என்பார். திங்கட்கிழமை நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா கேன், நமக்கு ரெண்டு" என்பார். சபைக் கோயிலுக்கும் குடியிருப்புக்கும் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரு பெயர் எங்கோ விழுந்துவிடும்.

பென்னியின் அப்பா அகரம்தென் பக்கம் கூலி வேலை பார்த்தவர். ஊர்க் கிணற்றில் அவர் கயிறு போடக் கூடாது. யாராவது இறைத்து ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்குப் பரலோகம் மட்டும் காரணம் அல்ல. கோயிலில் எல்லோரோடும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று யாரோ சொன்னார்கள். உட்காரவும் செய்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் மகன் இன்று ஊருக்கே தண்ணீர் சுமக்கிறார், இன்னும் தள்ளி நின்றபடி.

இரண்டு வருடத்துக்கு முன் சபையில் 'ஆரோக்கிய ஓட்டம்' ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டும். விசுவாச வாழ்க்கையே ஒரு நெடிய ஓட்டம், உடம்பைப் பழக்காதவன் ஆத்துமாவையும் பழக்க மாட்டான் என்று பாஸ்டர் டேனியல் பிரசங்கித்தார். பயிற்சி கொடுத்தவர் வில்பிரட். அறுபத்து மூன்று வயதிலும் நாளைக்குப் பத்தாயிரம் காலடி நடக்கிறார், கைக்கடிகாரம் எண்ணிச் சொல்லும். நடந்து முடித்ததும் லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போவார்.

பென்னி ஒரே ஒரு சனிக்கிழமை போனார். மூச்சை இழுத்துப் பிடித்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினார், நின்றபடியே தூங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். விடாமுயற்சி வேண்டும் பிரதர் என்று வில்பிரட் முதுகில் தட்டினார்.

இந்தப் பங்குனியில் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏறும்போதுகூடப் பரவாயில்லை, காலி கேனோடு இறங்கும்போதுதான் எலும்பில் ஊசி ஏற்றுவதுபோல இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் தேய்மானம் என்றார். மாடி ஏறாதீங்க என்றார். என்ன வேலை என்று கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். இன்னும் ஆறு மாதம் இப்படி ஏறினால் கால் நின்றுவிடும் என்று பென்னிக்கே தெரிந்தது. கால் நின்றால் பிழைப்பு நின்றது.

அந்த நேரத்தில்தான் சபையில் 'ஆரோக்கிய ஞாயிறு' வந்தது. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யாராவது மைக்கில் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தினமும் மலை ஏறுகிற மாதிரி படி ஏறுகிறார், நம் பென்னியை விட யார் இருக்கிறார்கள் என்று வில்பிரட் முன்மொழிந்தார். பேச வேண்டியதைத் தாளில் எழுதியும் கொடுத்தார். எல்லாம் பெலன் கொடுத்த ஆண்டவருக்கே மகிமை என்று முடிந்தது அது.

மைக்கின் முன்னால் நின்ற பென்னி முதல் இரண்டு வரியைப் படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரு பெலன் குடுத்தாரு, அது நெசம். இப்ப முட்டி தேஞ்சி போச்சி. டாக்டரு மாடி ஏறக் கூடாதுன்றாரு. எங்கள லிப்ட்டுல வுட்டாங்கன்னா இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டுவேன்."

பழக்கத்தில் இரண்டு பேர் "அல்லேலூயா" என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்ன சொன்னார் என்பது அவர்களுக்கு உறைத்தது. பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எடுத்தார்.

திங்கட்கிழமை காலை வில்பிரட் தாமாகவே கீழே இறங்கி வந்தார். பென்னியின் தோளில் கை போட்டார். முந்தின நாள் சாயங்காலமே சங்கத்தைக் கூட்டிப் பேசியாயிற்று என்றார்.

"கேன் எல்லாம் இனிமே லிஃப்ட்ல போகட்டும் பிரதர். உங்களுக்கு ஒரு கிலோ தூக்கற வேலை இல்லை. நீங்க மட்டும் படியில வந்துடுங்க."

பென்னிக்கு முதலில் புரியவில்லை. வில்பிரட் குரலைத் தாழ்த்தினார்.

"லேடீஸ், குழந்தைங்க வர்ற லிஃப்ட். வேர்வையோட... சில பேர் ஃபீல் பண்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை, தப்பா நினைக்காதீங்க."

பத்தொன்பது வருடமாக பாரம், பாரம் என்று சொன்னார்களே, அந்த எண்பது கிலோ இப்போது லிஃப்டில் போகலாம். கூடாதது இந்த அறுபத்திரண்டு கிலோதான். வில்பிரட் இதை ஓர் உதவியாகத்தான் செய்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சபையில் சேதி பரவி, ஜெபம் கேட்கப்பட்டது என்று போனில் வாழ்த்தினார்கள். வீட்டில் மனைவி ஞானம்மாள் சோறு போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆயாவாக ஒரு மழலையர் பள்ளியில் முப்பது பிள்ளைகளைச் சமாளித்துவிட்டு வந்திருந்தாள்.

"பரவால்லியே, பிளாஸ்டிக் கேனுக்கு மரியாத வந்துட்ச்சி. உனக்கு எப்போ வருமாம், கேட்டியா?"

பென்னி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. குழம்பு ஊற்றினாள்.

புது ஏற்பாட்டில் யாரும் யோசிக்காத ஒரு சங்கதி இருந்தது. நாலு கேனை உள்ளே வைத்து நாலாம் எண்ணை அழுத்திவிட்டுப் படியில் போனால், பென்னி இரண்டாவது மாடி திரும்பும்போதே லிஃப்ட் மேலே போய்க் கதவைத் திறந்து மூடிவிடும். யாராவது பட்டனை அழுத்தினால் கேன்கள் மறுபடி கீழே போய்விடும். முன்பு சுமையோடு ஏறினாலும் மாடிக்கு மாடி கேனை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். இப்போது லிஃப்டோடு பந்தயம் ஓட வேண்டியிருந்தது. மேலே போய் நின்றால் கேன் தரைத் தளத்தில் இருக்கும். இறங்கினால் மூன்றாவது மாடியில் இருக்கும். லிஃப்டைத் திறந்தால் கேன் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று புதன்கிழமையே இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்தது. கொஞ்சம் வேகமாக ஏறினால் சரியாகிவிடும் பிரதர் என்று வில்பிரட் யோசனை சொன்னார்.

வியாழக்கிழமை வேகமாகத்தான் ஏறினார். மூன்றாவது மாடிக்குப் போகிற திருப்பத்தில் முட்டி மடங்கி, கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே லிஃப்ட் நின்று, திறந்து, மூடி, கீழே போகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் அவருக்குக் கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது. பத்தொன்பது வருட அசதி ஒரே இடத்தில் கூடியதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. பிறகு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கித் தரைத் தளத்துக்கு வந்தார். லிஃப்டைத் திறந்தார். நாலு கேனும் உள்ளேயே இருந்தன. கூடவே அவரும் ஏறி நின்றார்.

வாட்ச்மேன் குப்பன் ஓடி வந்தார். "அண்ணே, கேமரா கீது. செகரட்டரி பாப்பாரு."

"பாக்கட்டும்."

நாலாவது மாடியில் கதவு திறந்தபோது வில்பிரட் வாசலிலேயே நின்றிருந்தார். கைப்பேசி கையில் இருந்தது.

"பிரதர், நாம என்ன பேசிக்கிட்டோம்?"

"நீங்க பேசினீங்க சார். நா கேட்டுகினு இருந்தேன்."

வில்பிரட் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி சங்கக் கமிட்டியில் வைத்துப் பார்ப்பதாகவும் அதுவரைக்கும் பொறுமையாகப் படியில் வரும்படியும் சொன்னார்.

"அது வரிக்கும் கேன் கீழ இருக்கும் சார். வோணும்றவங்க வந்து எடுத்துக்கினு போகட்டும்."

பென்னி இரண்டு கேனை வில்பிரட்டின் வாசலில் இறக்கினார். காலி கேன்களை எடுத்துக்கொண்டார். இறங்குவதற்கும் லிஃப்டையே அழுத்தினார்.

கமிட்டி கூடியது. முடிவு எதுவும் எடுக்கவில்லை. லிஃப்டுக்கு வெளியே ஒட்டிய தாளும் கிழிக்கப்படவில்லை. பத்தொன்பது வீடுகள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. அவன் ஒடிசாவிலிருந்து வந்தவன், இருபத்து நாலு வயது, இரண்டிரண்டு படியாகத் தாவுகிறான். மீதிப் பதின்மூன்று வீடுகள் ஒன்றும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பென்னி அந்த வீடுகளுக்கு லிஃப்டில் போகிறார். கூட யாராவது ஏற வந்தால் ஒதுங்கி இடம் விடுகிறார். சிலர் ஏறுகிறார்கள், சிலர் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார்கள். விட்ட வீடுகளுக்கு ஈடாக வேங்கைவாசல் பக்கம் புதிதாக ஒரு தெரு பிடித்திருக்கிறார். அங்கே எல்லாம் தரைத் தளம், ஆனால் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறார். அப்பா உட்கார்ந்த அதே வரிசையில் உட்காருகிறார். முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொல்லும்போது மட்டும் அவர் எழுவதும் இல்லை, மண்டியிடுவதும் இல்லை. காலை நீட்டிக்கொள்கிறார்.