மைனி பெயின்ட் அடித்த பேய்ப்படை

குளச்சல் வீட்டு அடுக்களையில், கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டின் மேல் ஏழு பேய்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம். தலைவிரித்த யட்சி, வாயில் தீ எரியும் கொள்ளிவாய்ப் பேய், தலையில்லாத முண்டன், காளைத்தலைக்காரன் ஒருவன், பல் துருத்திய குட்டிச்சாத்தான்கள் மூன்று. யட்சிக்கு மாதாவின் நீல முக்காடு. கொள்ளிவாய்க்குச் சூசையப்பரின் காவி அங்கி. குட்டிச்சாத்தான்கள் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று ராஜாக்களாகி, பெத்லகேமுக்கு வழி கேட்பவர்கள்போல் வரிசையில் நின்றார்கள். பெயின்ட் தடிமனாக இறங்கிப் பல்லையும் நகத்தையும் மூடியிருந்தது. அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து மைனி என் முகத்தையே பார்த்தாள். "கொள்ளாமா தம்பி?" என்றாள். கொள்ளாம் மைனி, நல்லாருக்கு என்றேன்.

மைனி என் அண்ணனின் மனைவி. வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போன அண்ணன், நெஞ்சுவலியில் அங்கேயே இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. உடல் ஊருக்கு வந்து அடக்கம் முடிந்ததும் போனவன் அதன்பின் வீட்டோடு பேசியதெல்லாம் வானிலை அறிக்கை மாதிரிதான்: மழை உண்டா, கரண்டு உண்டா, மாத்திரை தீர்ந்துபோச்சா. மைனி பதில் சொல்லி முடிப்பதற்குள் போன் அடங்கிவிடும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளை வாய் திறந்து பேச வேண்டும். கோபமாகப் பேசினாலும் சரி. அதற்காக அவள் நேராத நேர்ச்சை இல்லை.

அந்த டிசம்பரில் அவன் சாம்பல் நிறத்தில் இருந்த இந்த ஏழு பொம்மைகளோடு வந்தான். மேசைமேல் குன்றும் பாழ்வீடும் அமைத்து, டேப் பிடித்து அங்குலம் அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு அது. சீமைக் கதைகளிலிருந்து வந்த எலும்புக்கூட்டுப் படை ஒன்று ஏற்கெனவே அவனிடம் இருந்தது, அதையும் கொண்டுவந்திருந்தான். நம் ஊர்ப் பேய்களை அவனே கம்ப்யூட்டரில் வரைந்து, பிளாஸ்டிக்கில் பொம்மைகளாக அச்சு எடுத்திருந்தான். ஜனவரியில் நண்பர்கள் கூடும் ஆட்டத்துக்குப் புதுப் படை இறங்க வேண்டும். மாடியில் தலைக்கு மாட்டும் பூதக்கண்ணாடியோடு இரண்டு நாள் உட்கார்ந்தவன், அடிப்பூச்சு மட்டும் போட்டுக் காயவைத்துவிட்டு, நண்பன் கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் போனான். போகும்போது மாடிக் கதவைப் பூட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி பரணிலிருந்து இறங்கும். மூக்கு உடைந்த இடையன், நிறம் போன ஒட்டகம் எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெண்கள் பெயின்ட் தொட்டு வைப்பார்கள். மைனி அதற்கென்று கடைக்குப் போனதில்லை. அண்ணனின் மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய டப்பாக்கள் மாடிப்படியின் கீழ் கிடந்தன. வள்ளம் விற்றுப்போன பிறகும் அவை கிடந்தன. எங்கள் வீட்டு மாதாவின் முக்காடு நடுக்கடல் வள்ளத்தின் நீலம். அவள் கைக்குத் தெரிந்த உலகத்தில் நிறமில்லாத பொம்மை ஒரு குறை. குறையைத் தீர்ப்பது வீட்டுக்காரியின் வேலை. நீளத் தலைமுடிக்காரிக்கு நீலம். வாயில் தீ தாடிபோல் இறங்கியவனுக்குக் காவி. மூன்று பேர் சேர்ந்து நின்றால் ராஜாக்கள். முண்டனிடம்தான் திகைத்தாள். கழுத்தொடிந்து தலை போய் இறக்கையோடு நிற்கும் தேவதூதன் ஒருவன் எங்கள் குடிலில் உண்டு, அவனையும் ஒதுக்காமல் வருடாவருடம் வைப்போம். அவனுடைய வெள்ளையை முண்டனுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் பெயின்ட் தொட்டபோதே பக்கத்தில் இருந்தவன், தடுத்திருக்க வேண்டியவன் நான். சன்னமான பிரஷ் வாங்கிக் கொடுத்ததே நான்தான். மூன்று முடி பிரஷ்ஷில் ஒரு கண்ணுக்கு அவன் அரைமணி நேரம் செலவிடுவதைப் பார்த்தவனும் நான்தான். இருந்தும், மகனின் பொருள் ஒன்றைக் கையில் பிடித்திருக்கும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். சில தவறுகள் நடக்கும்போதே அழகாக இருக்கின்றன. அப்போது கையைப் பிடிக்க எனக்குத் தெம்பு வராது.

அவன் மத்தியானம் வந்தான். யட்சியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். நெடுநேரம் திருப்பியபடியே இருந்தான்.

"அம்மை, இது பேயாக்கும்."

"பேயின்னா குளிராதா மக்கா? டிசம்பர் மாசம் ஒரு துணியில்லாமல்லா நின்னா."

"இந்த மூணும் குட்டிச்சாத்தான்."

"மூணுபேரும் ஒண்ணுபோல இருந்தானுவ. அடையாளம் வேண்டாமா?"

அவன் கத்தவில்லை. மாடிக்குப் போய் டர்பன்டைன் பாட்டிலோடு இறங்கினான். அதைக் கண்டதும் மைனி எழுந்துபோய், பழைய வேட்டித் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து அவனிடமே நீட்டினாள். "கொள்ளாதுன்னா அழிச்சிரு. எனக்கு வெசனம் ஒண்ணும் இல்ல." துணியை வாங்கிப் பாட்டிலின் மேல் போட்டான். பிறகு, "நல்லா காயட்டும். காஞ்சாத்தான் அழியும்," என்றான். ஈரப் பெயின்ட்தான் எளிதாக அழியும் என்பது எனக்கே தெரியும். அந்த வீட்டில் அன்று நான் கேட்ட இரண்டாவது பொய் அது. முதலாவது என்னுடையது.

மறுநாள் காய்ந்துவிட்டது. அவன் துணியை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் குன்றுகளை வைத்து, "இரி அம்மை, ஒரு ஆட்டம் பாப்போம்," என்றான். மைனி தன் தையல் டேப்பை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எலும்புக்கூடுகள், மறுபக்கம் குடிலிலிருந்து கிளம்பிவந்த பேய்கள். "உனக்க ஆளுவளுக்கு ஒரு பிடி சோறு குடுக்கப்பிடாதா? இப்பிடி காஞ்சு கெடக்கானுவ," என்றாள். அவன் உதடு சிரிப்பைக் கடித்தது. மூன்றாவது சுற்றில் அவளுடைய காளைத்தலைக்காரன் விழுந்தான். அவனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களை நகர்த்தினாள்.

ஆட்டம் முடிந்ததும் அவன் சொன்னான்: "விழுந்தவனுக்கு ஒரு தடவ உருட்டணும். ஒண்ணு விழுந்தா செத்தான். மத்ததுன்னா பொழச்சான்."

மைனி பகடையை உள்ளங்கையில் பொத்தினாள். உருட்டவில்லை.

"நல்ல ரூலாக்கும்," என்றாள். "உங்கப்பனுக்கு இப்பிடி ஒண்ணு உருட்ட விடல்லியே மக்கா."

மூன்று வருடத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே அண்ணன் வந்தது அப்போதுதான். அவன் டேப்பைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். டேப்பிடம் சொல்வதுபோலச் சொன்னான். வளைகுடாவிலிருந்து சாவுச் செய்தி முதலில் அவனுக்குத்தான் வந்தது. ஒரு சிப்பாய்ப் பொம்மையின் கேடயத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டுக் கேடயத்தை முடித்தான். விளிம்புக்கு வெள்ளிக்கோடு போட்டான். பிரஷ்ஷைக் கழுவினான். அதன்பிறகுதான் அம்மையைக் கூப்பிட்டான்.

"ஒரு மணிக்கூர் ஆச்சு. நான் கூப்பிட்டாத்தான் அப்பா இங்க சாவாருன்னு இருந்துது. உன்கிட்ட மறைச்சு வச்சுட்டு பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன். அதுக்குப் பொறவு உன் சத்தத்தக் கேட்டாலே அந்தக் கேடயந்தான் முன்ன வருது."

மைனி அந்த நாளைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருபவள்போல் இருந்தாள்.

"அப்ப நான் சாளை மீன் பொரிச்சிட்டு இருந்தேன். ரேடியோ பாடிச்சு. அவரு வரும்ப முத்தத்துல ஓடு மாத்தணும்னு சொல்லணும்னு நெனச்சிட்டு நின்னேன்." பொத்திய கையைத் திறந்தாள். "நல்ல மணிக்கூராத்தான் இருந்துது மக்கா. நீ தந்ததுன்னு இப்பல்லா தெரியுது."

பகடையை உருட்டினாள். நாலு விழுந்தது. அவன் மேசையில் தலை கவிழ்த்து அழுதான். அவள் குன்றுகளுக்கு மேலாகக் கை நீட்டி அவன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு மூன்று வருடம் மைனி போனில் மகன் பேச்சைக் கேட்டாள். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம், சில நாள் அதற்கும் மேல். மேலதிகாரியின் கஞ்சத்தனம், பிடித்துப்போன ஒரு பெண், சண்டையில் முண்டன் தனியாக நின்று ஜெயித்தது எல்லாம் அவளிடம் வந்தன. பேய்ப்படையை அவன் அழிக்கவே இல்லை. பெங்களூர் நண்பர்கள் முதலில் சிரித்தார்களாம், பிறகு பழகிவிட்டார்களாம். போன வருடம் மைனியைக் கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் பக்கத்தில் வைத்தோம்.

நேற்று வீடியோவில் கூப்பிட்டான். திரையில் அவன் முகம் இல்லை. விரல்களுக்கு நடுவே ஒரு சாம்பல் பொம்மை, கூன் விழுந்த கிழவன், தோளில் ஏதோ மூட்டை. "சித்தப்பா, இவனுக்கு அம்மை என்ன நிறம் அடிச்சிருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்த ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியும் இருப்பான். "யாருலே இவன்?" என்று கேட்டேன். அவன் பொம்மையைக் கீழே வைத்தான். முகம் திரைக்கு வந்தது. சொல்லத் தொடங்கினான்.